ஸ்பிரிங் முதலா, ஷாக் முதலா? பழைய ஸ்விஃப்டை இறக்கப் பார்க்கிறவர்களுக்கு

"காரை இறக்கிப்போடலாமுங்க தம்பி. ஊர்ல இருக்கற ஸ்பீட் பிரேக்கரையெல்லாம் யாரு இறக்கறது?"

குட்டை ஸ்பிரிங் போட்டு உயரத்தைக் குறைக்கப் போன என் 2008 ஸ்விஃப்ட் லிஃப்டில் தொங்கிக்கொண்டிருந்தபோது மெக்கானிக் அண்ணன் கேட்டது. அப்போது சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அவர் கேட்டதில் இருந்த நியாயம் புரிய இரண்டு செட் ஸ்பிரிங் வாங்க வேண்டியிருந்தது. அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கார் விஎக்ஸ்ஐ, 1.3 பெட்ரோல். ஓட்டம் 1,26,000 கி.மீ. தினமும் வடவள்ளியிலிருந்து பீளமேட்டுக்கு ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவோடு பொள்ளாச்சிப் பக்கம், வருடத்துக்கு மூன்று நான்கு தடவை வால்பாறை. செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் ஓட்டுகிற கார் இல்லை, மழைக்கு ஒதுங்கி நிறுத்துகிற கண்காட்சிக் காரும் இல்லை. உங்கள் காரும் இந்த ரகம் என்றால் மேலே படியுங்கள்.

ஏன் இறக்க வேண்டும்? மழுப்பாமல் சொன்னால், முதல் காரணம் அழகு. டயருக்கும் அதன் மேலே வளைந்திருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே நான்கு விரல் நுழைகிறது. நம் ஆட்கள் இதை விரலில்தான் அளப்பார்கள். இரண்டு விரல் நுழைந்தால் மரியாதை, ஒரு விரல் என்றால் போட்டோ. இரண்டாவது காரணம் வால்பாறை. ஆழியாறு தாண்டியதும் தொடங்குகிற 40 கொண்டை ஊசி வளைவுகளில் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பின்சீட்டில் யாராவது "மெதுவாப் போப்பா" என்று சொல்லாத பயணமே கிடையாது.

அழகு மட்டும்தான் நோக்கம் என்றால் ஸ்பிரிங்கைத் தொடாமலே ஓரளவு சரிக்கட்டலாம். எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ வண்டிகளில் வந்த டயர் 165/80 ஆர்14. அதன் விட்டம் ஏறக்குறைய 620 மி.மீ. 15 இன்ச் வீலில் 195/60 போட்டால் விட்டம் 615. உயரம் கிட்டத்தட்ட அதே, ஆனால் வீல் பெரிதாகி, டயரும் அகலமாகி ஃபெண்டர் வளைவை நிரப்பிவிடும். டயரின் பக்கச்சுவர் 132 மி.மீ.யிலிருந்து 117-க்குக் குறைவதால் பள்ளத்தில் அடி கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அவ்வளவுதான். பாதிப் பேருக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம். ஆனால் சொன்னால் யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை.

எதையும் வாங்குமுன் காரை அளந்துவிடுங்கள். சமதளத்தில் நிறுத்தி, வீல் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை தையல் டேப்பில் நான்கு மூலையும் எடுங்கள். என் காரில் முன்பக்கம் டிரைவர் சைடு இடது பக்கத்தைவிட 8 மி.மீ. தாழ்ந்திருந்தது. பதினைந்து வருடம் தனியாளாக வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டிய கணக்கு அது. பழைய ஸ்பிரிங் தானாகவே தொய்ந்திருக்கும். "30 மி.மீ. இறக்கும்" என்று பெட்டியில் போட்டிருப்பது புது ஸ்பிரிங் உயரத்திலிருந்து. ஏற்கெனவே 10 இறங்கிய காரில் கண்ணுக்குத் தெரியப்போவது 20 தான். அதைப் பார்த்து ஏமாந்து அடுத்த முறை 50 மி.மீ. செட் தேடிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது ஸ்பீட் பிரேக்கர் கணக்கு. உண்மையில் முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். ஸ்விஃப்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மி.மீ., வீல்பேஸ் 2390 மி.மீ. இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரத்தில் இருக்க வேண்டும். அப்படிக் கட்டிய தடைமேல் கார் நடுவாக நிற்கும்போது நான்கு சக்கரமும் அந்த மேட்டின் மேலேயேதான் இருக்கும். கணக்குப் போட்டால் சக்கரம் நிற்கிற இடத்துக்கும் உச்சிக்கும் உயர வித்தியாசம் 42 மி.மீ. மட்டுமே. 170-ல் 42 போனால் 128. 50 மி.மீ. இறக்கிய கார்கூட மெதுவாகப் போனால் தாண்டிவிடும்.

நம் தெருவில் இருப்பது அந்தத் தடையா? ராத்திரியோடு ராத்திரியாக யாரோ கொட்டிவிட்டுப் போன கான்கிரீட் வரப்பு. அகலம் இரண்டு அடி இருந்தால் அதிகம், உயரம் 12 செ.மீ. முன்சக்கரம் தாண்டி இறங்கிவிடும், பின்சக்கரம் இன்னும் ஏறியிருக்காது, வரப்பின் முழு உயரமும் காரின் வயிற்றுக்கு நேராக நிற்கும். குடும்பத்தோடு ஏறினால் நடுப்பகுதி குத்துமதிப்பாக 25 மி.மீ. தாழும். 170-ல் 25 போக 145. ஸ்டாக் கார், அதாவது கம்பெனி உயரத்திலேயே இருக்கிற கார், தப்பிவிடும். இன்னும் 20 இறக்கினால் 125, உயிர் போய் உயிர் வரும். 30 இறக்கினால் 115, சைலன்சர் பைப் உரசும். 40 இறக்கினால் எல்லாரையும் இறக்கிவிட்டுத்தான் தாண்ட வேண்டும். 20-க்கும் 30-க்கும் நடுவே இருக்கிற அந்த ஒரு செ.மீ. கடைக்காரருக்கு ஒன்றுமில்லை, நமக்கு அதுதான் எல்லாம். ஆகவே உங்கள் தெரு வரப்பை அளந்துவிட்டு ஸ்பிரிங் பார்க்கப் போங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, ஒரு ஸ்கேலும் நேரான குச்சியும் போதும்.

இனி வழிகளைப் பார்ப்போம்.

மலிவானது, ஸ்பிரிங்கை வெட்டுவது. கிரைண்டரை வைத்து ஒரு சுற்றை எடுத்துவிட்டால் கார் இறங்கிவிடும். செலவு ஒரு டீ, வடை. சுற்றுகளின் எண்ணிக்கை குறைந்தால் ஸ்பிரிங்கின் கடினம் அதே விகிதத்தில் ஏறும். வேலை செய்கிற ஆறு சுற்றில் ஒன்று போனால் 20 சதவீதம் கடினம். கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது, இறங்கிய காருக்குக் கடின ஸ்பிரிங்தானே வேண்டும்? சிக்கல் முனையில். வெட்டிய முனை ஸ்பிரிங் உட்காருகிற சீட்டில் ஒழுங்காகப் பொருந்தாது. கிரைண்டர் சூட்டில் அந்த இடத்தின் பதமும் போய்விடும். இந்த ஸ்விஃப்டில் பின்பக்க ஸ்பிரிங் ஷாக்கோடு (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிற ஷாக் அப்சார்பர்) சேர்ந்ததில்லை, இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கிற டார்ஷன் பீம் மேல் தனியாக உட்கார்ந்திருக்கிறது. குட்டையான ஸ்பிரிங் போட்டுக் காரை ஜாக்கியில் ஏற்றினால் அது கையோடு கழன்று வரும். ஒரு பெரிய மேட்டில் பின்சக்கரம் முழுதாகத் தொங்கினால் ரோட்டிலும் அதேதான் நடக்கும். நண்பனின் பழைய மாருதி ஜென்னில் வெட்டிய ஸ்பிரிங் சீட்டிலிருந்து விலகி "டொக் டொக்" என்று அடித்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்ததைப் பக்கத்து சீட்டில் இருந்து கேட்டவன் நான். சூடு காட்டித் தொய்யவிடுகிற வித்தையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அடுத்தது, பழைய ஷாக்கை அப்படியே விட்டு ஸ்பிரிங் மட்டும் மாற்றுவது. இங்கே பெரும்பாலானோர் செய்வது இதைத்தான். நானும் செய்தேன். 40 மி.மீ. செட். "உங்க ஷாக் நல்லாத்தான் இருக்கு சார்" என்றார் மாட்டிய கடைக்காரர். பானட்டை ஒரு அமுக்கு அமுக்கி, கார் ஒரே ஆட்டத்தில் நின்றதைக் காட்டினார். அந்தச் சோதனையில் அடியோடு செத்துப்போன ஷாக் மட்டும்தான் தெரியவரும். பாதி உயிரோடு இருக்கிற ஷாக் அதில் பாஸ் ஆகிவிடும். முதல் வாரம் நான் தரையில் நடக்கவில்லை. பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு மூன்று முறை திரும்பிப் பார்ப்பேன். நான்காவது மாதம் முன் இடது ஷாக் எண்ணெய் கக்கியது.

ஏன் என்று பிறகு உட்கார்ந்து யோசித்தேன். சக்கரம் மேலே ஏற 80 மி.மீ. இடம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 40 இறக்கினால் மீதி பாதி. அதே பள்ளத்தின் அடியைப் பாதித் தூரத்தில் வாங்க வேண்டுமானால் ஸ்பிரிங் நான்கு மடங்கு கடினமாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஸ்பிரிங் வாங்குகிற சக்தி தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எந்த லோயரிங் ஸ்பிரிங்கும் நான்கு மடங்கு கடினமாக வருவதில்லை. வந்தால் யாரும் ஓட்ட முடியாது. மீதி அடியை பம்ப் ஸ்டாப் வாங்குகிறது. பம்ப் ஸ்டாப் என்பது ஷாக்கின் தண்டில் கோத்திருக்கும் சிறு ரப்பர் அல்லது ஃபோம் துண்டு. என் காரில் அது பல வருடம் முன்பே பொடிந்து உதிர்ந்திருந்தது. அப்புறம் யார் அடி வாங்குவது? ஷாக்தான்.

கடினமான ஸ்பிரிங் ஷாக்கை அடித்துக் கொன்றுவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் சரி. ஒரு மூலையில் 270 கிலோ, ஸ்பிரிங் மி.மீ.க்கு 20 நியூட்டன் என்றால் கார் வினாடிக்கு சுமார் 1.4 முறை ஆடும். அதை 25 நியூட்டன் ஆக்கினால் 1.5 முறை. அந்த ஆட்டத்தை அதே அளவுக்கு அடக்க ஷாக்கின் பிடிமானம் 12 சதவீதம் கூடினால் போதும். புத்தம்புது ஸ்டாக் ஷாக் இதைத் தாங்கிக்கொள்ளும். ஒரு லட்சம் கி.மீ. ஓடிய ஷாக் தன் பழைய ஸ்பிரிங்கையே அடக்கத் திணறுகிறது, அதனிடம் 12 சதவீதம் கூடுதலாக எங்கே கேட்பது?

இதிலிருந்துதான் மூன்றாவது வழி என் மண்டையில் ஏறியது. இறக்கவே வேண்டாம், நான்கு ஷாக்கையும் மட்டும் புதிதாகப் போடுவது. கூடவே ஸ்ட்ரட் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர், லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட். ரப்பர் சாமான்களுக்குப் பெரிய விலை இல்லை, ஆனால் பழைய காரில் பாதிச் சத்தமும் தளர்ச்சியும் அவற்றில்தான் இருக்கிறது. வால்பாறை ரோட்டில் கார் சாய்கிறது என்று நான் புலம்பியதில் பெரும்பகுதி சாய்வே இல்லை. சாய்ந்த பிறகு நிலைக்கு வராமல் அலைந்ததுதான். அது ஷாக்கின் குறை. உங்களிடம் இருக்கும் பணத்தில் ஒன்றுதான் முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்யுங்கள். நான்கு விரல் இடைவெளி அப்படியே இருக்கும், போட்டோவில் ஒரு வித்தியாசமும் தெரியாது, ஓட்டுகிறவருக்கு மட்டும் தெரியும்.

நான்காவது வழி, அந்தப் புது ஷாக்கோடு மிதமான லோயரிங் ஸ்பிரிங். 20 அல்லது 25 மி.மீ., அதற்கு மேல் இல்லை. ஷாக் விஷயத்தில் ட்வின் ட்யூப் (இரட்டைக் குழாய்) கேஸ் ரகம் தினசரிக் காருக்குப் போதும். கேஒய்பியின் எக்செல்-ஜி இந்த ரகம். எண்ணெயோடு குறைந்த அழுத்தத்தில் வாயுவும் இருப்பதால் மோசமான ரோட்டில் தொடர்ந்து ஓடினாலும் எண்ணெய் சீக்கிரம் நுரைக்காது.

ஸ்பிரிங்கில் கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, எல்லாச் சுற்றும் ஒரே இடைவெளியா, அல்லது ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவுமா? இரண்டாவது ரகத்தை புரோகிரெசிவ் என்பார்கள். லேசான மேட்டில் நெருக்கச் சுற்றுகள் மென்மையாக வாங்கி, பாரம் ஏறினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஸ்பிரிங் கடினமாகும். ஒரு நாள் தனியாள், மறுநாள் ஐந்து பேர் என்று ஓடுகிற காரின் பின்பக்கத்துக்கு இதுதான் தோது. ரேஸ் ஓட்டுகிறவர்களுக்குப் பிடிக்காது, அவர்களுக்கு ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் என்ன செய்யும் என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். இரண்டாவது கேள்வி, சுற்றிய பிறகு ஸ்பிரிங்கை முழுதாக அமுக்கிப் பதப்படுத்தியிருக்கிறார்களா? ஐபாக், எச் அண்ட் ஆர் மாதிரி ஜெர்மன் கம்பெனிகளின் பெயருக்கு மரியாதை வந்ததே இந்த மாதிரி வேலையால்தான். அவர்கள் உங்கள் காருக்குச் செய்கிறார்களா என்பது வேறு விஷயம், பழைய இந்திய மாடல்களுக்குத் தேடித்தான் பார்க்க வேண்டும். இங்கே சொன்ன அளவுக்கு ஸ்பிரிங் சுற்றித் தருகிற பட்டறைகளும் உண்டு. கம்பியின் தரமும் பதமும் சரியில்லை என்றால் 25 மி.மீ. என்று வாங்கியது ஆறு மாதத்தில் 40 ஆகிவிடும், அதுவும் ஒரு பக்கம் மட்டும். அதனால்தான் தையல் டேப்பை டேஷ்போர்டிலேயே வைத்திருக்கிறேன்.

மாட்டும்போது பக்கத்தில் நின்று ஒன்றைப் பாருங்கள். கார் லிஃப்டில் தொங்குகையில் நான்கு ஸ்பிரிங்கையும் கையால் சுழற்றிப் பாருங்கள். எதுவாவது தளர்ந்து சுற்றினால் ஸ்பிரிங் குட்டை, அல்லது ஷாக் நீளம். அப்படியே ஓட்டக்கூடாது.

இந்தப் பொருத்தம்தான் ஐந்தாவது வழியின் அடிப்படை. கூடுதலாக இறக்க ஆசை என்றால், இறக்கிய காருக்கென்றே குட்டையாகச் செய்த ஷாக் வேண்டும். பில்ஸ்டைனில் பி6 என்றால் வழக்கமான நீளம், பி8 என்றால் அதே தரத்தில் லோயரிங் ஸ்பிரிங்குக்காகக் குட்டையாக்கியது. கோனியின் மஞ்சள் ஷாக்கில் ரீபவுண்ட் பிடிமானத்தை, அதாவது ஷாக் நீளும்போது உள்ள பிடியை, திருகி மாற்றலாம், தேய்மானத்தை ஈடுகட்டவும் அது உதவும். அருமையான சாமான்கள். காருக்குப் பொருந்துகிற எண் கிடைத்து, இறக்குமதிச் செலவும் கட்டுப்படியானால் வாங்குங்கள். 35 மி.மீ. இறக்கிவிட்டுச் சாதா ஷாக் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் வரப்புக் கணக்கை பில்ஸ்டைனாலும் மாற்ற முடியாது.

ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே செட்டாக வருகிற காயிலோவரைப் பற்றி இரண்டே வரி. உயரத்தை நட்டு திருகி மாற்றலாம் என்பார்கள், வாங்கியவர் முதல் வாரம் மாற்றுவார், அப்புறம் நம் மழையும் மண்ணும் அந்த மரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். விலையைக் கேட்டால் காரை என்ன விலைக்கு விற்கலாம் என்று யோசிக்கத் தோன்றும்.

அளவு மீறினால் சொகுசு மட்டும் போவதில்லை. முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகக் கோத்த மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்பதால், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் படுக்கை மட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய ஆரம்பித்தால் ரோல் சென்டர், அதாவது கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். இரண்டுக்கும் நடுவே தூரம் கூடக்கூடக் காரைச் சாய்க்கிற நெம்புகோல் நீளும். ஸ்பிரிங் கடினமாகியும் வளைவில் கார் பழையபடி சாய்கிறதே என்று சிலர் குழம்புவது இதனால்தான். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராட்டின் கோணம் மாறி, மேடு பள்ளத்தில் ஸ்டியரிங் தானாக இழுக்கும். டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு, கெட்டால் டயர் உள்விளிம்பில் தேயும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஆகவே மாற்றிய அன்றே ஒரு வீல் அலைன்மென்ட், ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு, ஒரு 500 கி.மீ. கழித்து, இன்னொன்று. ஷாக்கை இந்த மாதம், ஸ்பிரிங்கை தீபாவளி போனஸில் என்று பிரித்துச் செய்தால் முன்பக்க ஸ்ட்ரட்டை இரண்டு முறை கழற்றும் கூலி, அலைன்மென்ட் செலவு எல்லாம் இரட்டிப்பாகும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்சி விவரம் மாறுபடுகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருடச் சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் வந்தது. 20 மி.மீ. இறக்கிய காரை ரோட்டில் யாரும் அளந்து பார்த்து நான் கண்டதில்லை. ஆனால் விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் வந்து நிற்கும்போது அந்த வாதம் எடுபடாது. கிளெய்ம் பெரியது என்றால் அவர் ஸ்பிரிங்கையும் பார்ப்பார். இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். மூன்றாவது வழியில் இந்தத் தலைவலி ஒன்றும் கிடையாது.

என் கார் இப்போது நான்காவது வழியில் ஓடுகிறது. புது கேஸ் ஷாக், புது ரப்பர் சாமான்கள், 20 மி.மீ. ஸ்பிரிங். மாட்டிய மறுவாரம் அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து, வேண்டுமென்றே மோசமான வழியாகப் பொள்ளாச்சி போனேன். வழி முழுக்கக் கல்யாணப் பேச்சுத்தான், இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. திரும்பி வந்து மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். ஃபெண்டருக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தார்.

"மூணு வெரலு. செரிங்க தம்பி, பொழச்சுக்குவீங்க. பழைய ஸ்பிரிங்க எடைக்குப் போட்டுறாதீங்க."

போடவில்லை. பதினைந்து வருடம் முடிந்து 2023-ல் ஆர்சி புதுப்பித்த வண்டி, அடுத்து 2028-ல் எஃப்சிக்கு நிற்க வேண்டும். கம்பெனி ஸ்பிரிங் நான்கும் கிரீஸ் தடவி, எது எந்த மூலை என்று பெயின்டில் எழுதி, அரிசிச் சாக்கில் கட்டிப் பரணில் இருக்கிறது.